படிக்காத கடிதம் ஒன்று

பேய், பிசாசு, ஆவி என்று எந்தச் செய்தி வந்தாலும் எங்கள் பத்திரிகையில் அது என் மேசைக்குத்தான் வரும். செந்தூலில் யாரோ வீட்டுச் சுவரில் முகம் தெரிந்தது, செராஸில் ஒரு மின்தூக்கி ஆளில்லாமல் ஏறி இறங்கியது என்றெல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் மூன்று கேள்விகள்தான் கேட்பேன். மணி என்ன, பார்த்தது யார், இரண்டாவது சாட்சி எங்கே. மூன்றாவது கேள்வியில் பெரும்பாலும் செய்தி செத்துவிடும், நானும் நிம்மதியாக அதைக் குப்பைக்கூடையில் போடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காக நீங்கள் இதை நம்ப வேண்டியதில்லை. அந்த மூன்று கேள்விகளையும் நானே எனக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இன்டர்நெட் என்ற சொல் எங்கள் யாருடைய வாயிலும் இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இருந்தது புல்லட்டின் போர்டு. ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொலைபேசிக் கம்பியில் மாட்டி வைப்பார், நாம் நம் கம்ப்யூட்டரிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்து அங்கே இருப்பதைப் படிக்கலாம், பதில் எழுதிவிட்டு வரலாம். பெட்டாலிங் ஜெயாவில் நவரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், அப்படி ஒரு போர்டு நடத்தினார். எங்களுக்கு அவர் நவம் அங்கிள். தமிழ் எழுத்து அதில் வராது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிளிடம் இருந்தது ஒரே ஒரு தொலைபேசிக் கம்பி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும், ஆளுக்கு இருபது நிமிடம். நாம் எழுதிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அடுத்தவர் உள்ளே போய்ப் படித்துப் பதில் போட முடியும். ஆகவே நாம் உள்ளே இருக்கும்போது நமக்குப் பதில் வராது. அங்கிளே தன் வீட்டு விசைப்பலகையில் உட்கார்ந்து அடித்தால் ஒழிய, வர வழியே இல்லை.

அந்தப் போர்டில் நடந்ததெல்லாம் சண்டைதான். புரோகிராம் எழுதப் பாஸ்கல் மொழி உசத்தியா, சி மொழி உசத்தியா, எந்த எடிட்டர் மென்பொருளில் அடித்தால் கை வலிக்காது, எழுதிய புரோகிராமை ஊருக்கெல்லாம் காட்டலாமா கூடாதா. வாரக்கணக்கில் ஓடும். எல்லோருக்கும் புனைபெயர். நான் சிவப்புப் பேனா, உதவியாசிரியன் என்பதால். எனக்கு எதிரி ஸ்பானர் என்று ஒருவர். ஷா ஆலமில் ஏதோ தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை, கிள்ளானில் வீடு, அவ்வளவுதான் தெரியும். பகல் சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் எழுத்து வரும். சி கட்சி. நான் பாஸ்கல் கட்சி.

இப்போது அலுவலகத்துக்கு வருகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி. ஞாயிறு பதிப்பைப் பார்த்துக்கொண்டவர் பரமேஸ்வரி அக்கா. அவர் ஆறு வருடமாக ஒரு வேலை செய்துவந்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் உயிரோடு திரும்பியவர்களைத் தோட்டம் தோட்டமாகத் தேடிப் போய், பேசவைத்து, டேப்பில் பதிந்து, அலுவலகத்துக்கு வந்து எழுத்துக்கோக்கும் இயந்திரத்தில் நேராக அடித்து வைப்பார். நூற்றுப் பதினோரு பேர். பத்திரிகையில் வந்தது துண்டு துண்டாகக் கொஞ்சம்தான். முழுவதும் இருந்தது அந்த இயந்திரத்தின் டிஸ்க் தகடுகளில். அடித்து முடித்ததும் அடுத்த ஆளுக்கு அதே டேப்பைப் பயன்படுத்திவிடுவார். தகட்டில்தான் இருக்கிறதே என்ற தைரியம். பேசியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த வருடம் பத்திரிகைக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழைய இயந்திரம் வாடகைக்கு எடுத்தது, திங்கள் காலை ஒன்பது மணிக்கு லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று முடிவாகியிருந்தது. புதியதில் பழைய தகட்டைப் போட்டால் படித்துவிடும் என்று அக்கா நினைத்திருந்தார். போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. அந்த இயந்திரத்தின் எழுத்து அதற்கு மட்டும்தான் புரியும். தாளில் எடுத்துவைக்கலாம் என்றால் அதன் அச்சுப் பகுதி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

“இப்ப என்னா செய்றது தம்பி?” என்று அக்கா கேட்டார். குரல் உயரவில்லை. கையில் இருந்த தகட்டை மட்டும் உறைக்குள் போடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

நான் செய்கிறேன் என்றேன். பழைய இயந்திரத்தின் பின்பக்கம் ஒரு துளை உண்டு, அங்கிருந்து கம்பி இழுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டி, அது அனுப்புவதை வாங்கி எழுத்தாக மாற்றும் ஒரு புரோகிராமைப் பாஸ்கலில் எழுதினேன். நான்கு சின்னச் செய்திகளை அனுப்பிப் பார்த்தேன், கச்சிதமாக வந்தன. பெருமை தாங்கவில்லை. புரோகிராம் முழுவதையும் போர்டில் போட்டு, பாஸ்கலில் இதைவிட அழகாக எழுத முடியுமா, சி கட்சிக்காரர்கள் சொல்லட்டும் என்று எழுதினேன். எதற்காக எழுதியது, தகடுகளில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்கு, அவ்வளவுதான்.

மறுநாள் பகலில் ஸ்பானர் ஒரே வரி எழுதியிருந்தார். “உங்க புரோகிராமுக்குக் காது இருக்கு, வாய் இல்ல.”

நான் பதில் போட்டேன். மிசினுக்கு எண்ணெய் விடுகிறவர்கள் எண்ணெய் டின்னோடு நிறுத்திக்கொள்ளலாம், புரோகிராமுக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம். எட்டுப் பேர் சிரித்து எழுதினார்கள். ஸ்பானர் அதன்பிறகு ஒன்றும் எழுதவில்லை.

சனிக்கிழமை நானும் அக்காவும் வேலையை ஆரம்பித்தோம். முதல் ஆளின் கதை இரண்டு நிமிடம் ஒழுங்காக வந்தது, பிறகு நடு நடுவே சொற்கள் காணாமல் போயின, பிறகு வெறும் குப்பை. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும். அனுப்பும் வேகத்தைக் குறைக்க அந்த இயந்திரத்தில் வழியில்லை. கம்பியில்தான் கோளாறு என்று முடிவு செய்து பற்றவைத்ததைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். சாயங்காலம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் பேய் மழை, இடி. மின்சாரம் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. ஒன்றும் நடக்காமல் வீட்டுக்குப் போனோம்.

ஞாயிறு பகல் வரையிலும் அதே கதைதான். அக்கா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. அவர் திரை எதிரே உட்கார்ந்து பழைய இயந்திரத்தில் இருப்பதைக் கையால் எழுத ஆரம்பித்துவிட்டார். ஒரு ஆள் கதையை எழுதி முடிக்க இரண்டு மணி நேரம். விடியும் வரை எழுதினால்கூட எட்டுப் பத்துப் பேரைக் காப்பாற்றலாம், மற்ற நூறு பேர் லோரியில் போய்விடுவார்கள். அந்தக் கணக்கை அவரும் போட்டிருப்பார்.

மணி இரண்டு நாற்பது. நிருபர்களின் செய்திகளை வாங்குவதற்காக அலுவலகத்தில் இருந்த மோடத்தில் போர்டுக்கு அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தது. வழக்கமான அந்தக் கீச்சுச் சத்தம், அங்கிளின் வரவேற்பு வாசகம், எல்லாம் சரி. நான் எப்போதுமே உள்ளே நடப்பதை அப்படியே கோப்பில் பிடித்து வைப்பேன், பத்திரிகைப் பழக்கம். அன்றும் வைத்தேன்.

என் செய்தி 1846 ஆவது. இப்படி எழுதினேன். நீளமானவை பாதியில் உடைகின்றன, கம்பியா புரோகிராமா தெரியவில்லை, நாளைக் காலைக்குள் முடிய வேண்டும். ஸ்பானரை நான் கேலி செய்தது தவறு, எட்டுப் பேர் முன்னால் செய்தேன், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன், அவருக்குத் தெரிந்தால் சொல்லட்டும். அனுப்பும் விசையை அழுத்தினேன். அடுத்த ஆள் எப்போது உள்ளே வருவாரோ, ஸ்பானர் திங்கள் மத்தியானத்துக்கு முன் வரப்போவதில்லை என்று எனக்கே தெரியும். வேறு வழியில்லாமல்தான் எழுதினேன்.

முகப்புத் திரை திரும்பி வந்தபோது அதில், உங்களுக்குப் படிக்காத கடிதங்கள் இரண்டு என்று இருந்தது.

முதலாவதைத் திறந்தேன். 1847. அனுப்பியவர் ஸ்பானர்.

“சிவப்புப் பேனா, வயரத் தொடாதீங்க. வயர்ல ஒன்னுமில்ல. நீங்க டிஸ்க்குல எழுதிக்கிட்டு இருக்கறப்பவும் பழைய மிசின் பேசிக்கிட்டே இருக்கு, அது உங்க காதுல விழல. எழுதறதுக்கு முன்னால அதப் பாத்து நில்லுன்னு சொல்லுங்க, முடிச்சப்புறம் பேசுன்னு சொல்லுங்க. 19 அனுப்புனா நிக்கும், 17 அனுப்புனா மறுபடி பேசும். 212ஆவது வரிக்கு முன்னால ஒன்னு, 218க்குப் பின்னால ஒன்னு. பெரியவங்க பேசறப்ப பாதியில காதப் பொத்தாதீங்க.”

எனக்கு அப்போது பயமோ ஆச்சரியமோ வரவில்லை. அங்கிள் வீட்டில் ஸ்பானர் இருக்கிறார், அங்கிளின் விசைப்பலகையில் அடிக்கிறார் என்று ஒரு நொடியில் முடிவு செய்துகொண்டேன். பத்தொன்பது, பதினேழு என்று தாளில் குறித்தேன். அக்கா பின்னால் வந்து நின்றார். “என்னா தம்பி, வழி கெடச்சிருச்சா?” நான் போர்டிலிருந்து முறையாக வெளியே வரக்கூட இல்லை, மோடத்தின் விசையை அப்படியே அணைத்தேன்.

இரண்டு வரிகள் சேர்த்தேன். முதல் ஆளின் கதையை அனுப்பினோம். பழைய இயந்திரம் பேசியது, நின்றது, பேசியது, நின்றது. மூச்சு விடுவதுபோல ஒரு ஒழுங்கு. கடைசி எழுத்துவரை வந்தது. அக்கா திரையில் ஓடியதை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். கேரித் தீவுத் தோட்டத்து மனிதர் ஒருவர் பேசியது அது. “கொலராவுல எங்கண்ணன் போயிட்டான். மூணு நாளு காலையில பேரு கூப்புடறப்ப அவன் பேருக்கும் நாந்தான் இருக்கேன்னு சொன்னேன். சோத்துக்காகத்தான் சொன்னேன். நாலாவது நாளு நான் வாயத் தெறக்கறதுக்கு முன்னாலயே எனக்குப் பின்னாலருந்து இருக்கேன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கல.”

“இது பத்திரிகையில வரல,” என்றார் அக்கா. “எடிட்டர் வெட்டிட்டாரு, நம்பற மாதிரி இல்லன்னு.” வெட்டியது நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

இரவு ஏழரை மணிக்கு நூற்றுப் பதினொன்றும் வந்துவிட்டன. ஆறிப்போன பொட்டலத்தைப் பிரித்து இருவரும் சாப்பிட்டோம். காலையில் லோரி வந்தது, போயிற்று.

செவ்வாய்க்கிழமை நன்றி சொல்லலாம் என்று அங்கிளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“ஞாயிற்றுக்கிழமையோ? என்ன தம்பி, பகிடி விடுறீரோ?” என்றார். “சனி பின்னேரம் விழுந்த இடியில மோடம், கம்ப்யூட்டர் ரெண்டும் எரிஞ்சு போச்சு. டெலிபோன் லைனே செத்துக் கிடந்தது. நேற்றுத்தான் வந்து திருத்திக் குடுத்தவங்கள். வீட்டில ஒருத்தரும் இல்லை, நானும் ஆன்டியும் சிரம்பானுக்கு மகள் வீட்ட போயிட்டம்.”

சாயங்காலமே பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனேன். மோடத்தை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் உருகிக் கறுத்திருந்தது, சுவரில் கையளவு கரி. வேறு ஒரு கம்ப்யூட்டரில் அங்கிள், போர்டைப் பிரதி எடுத்து வைத்திருந்த தகட்டைப் போட்டுக் காட்டினார். கடைசிச் செய்தி 1845, சனிக்கிழமை காலை யாரோ எழுதியது. நான் அலுவலகத்தில் பிடித்து வைத்திருந்ததை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அங்கிள் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு மூன்று முறை படித்தார்.

“இது என்ர போர்டுதான்,” என்றார். “வெள்ளிக்கிழமை ராத்திரி நான் மாத்தி எழுதின வரவேற்பு.” நான் கிளம்பும்போது ஸ்பானரின் தொழிற்சாலை எண்ணை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது சாட்சி எனக்கு வேண்டியிருந்தது. ஸ்பானரை அழைத்தேன். அந்த வாரச் சனிக்கிழமை பகல் கிள்ளானில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். அவர் பெயர் ஏகாம்பரம். நாற்பது வயது இருக்கும், நக இடுக்கில் கறுப்பு எண்ணெய். அதைப் பார்த்ததும் நான் எழுதிய எண்ணெய் டின் நினைவுக்கு வந்தது.

“நீங்கதான் சிவப்புப் பேனாவா?” என்று சிரித்தார். “எழுத்தப் பாத்துட்டு ஆறடி ஆளுன்னு நெனச்சேன் பாஸ். ஒக்காருங்க லா. தே தாரிக்கா, கோப்பியா?”

அச்செடுத்த தாளைப் பையிலிருந்து எடுக்காமலே கேட்டேன். போன ஞாயிறு போர்டில் எனக்கு எழுதினீர்களா?

“ஞாயித்துக்கெழம எப்படி எழுதறது? ஊட்டுல கம்ப்யூட்டரே கெடயாது எனக்கு. ஒப்பிஸ் கம்ப்யூட்டர்தான், அதுவும் மத்தியானம் மேனேஜர் சாப்புடப் போனாத்தான். நான் எல்லாத்தையும் நோட்டுல எழுதித்தான் எடுத்துக்கிட்டுப் போவேன். போயி அடிச்சிட்டு வந்துருவேன்.” காக்கிப் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். “சொன்னா கோவிச்சிக்காதீங்க. உங்க புரோகிராம பிரின்ட் எடுத்துக்கிட்டுப் போயி ஊட்டுல வெச்சிப் படிச்சேன். ஒரு ஓட்டையக் கண்டுபுடிச்சி எல்லாரு முன்னாலயும் உங்க மூக்க ஒடைக்கணும்னு வெறி. ஞாயித்துக்கெழம மத்தியானம் புடிச்சிட்டேன். சின்னவ டியூசனுக்குக் கெளம்பற நேரம், ரெண்டே முக்கா இருக்கும். அப்பவே எழுதி வெச்சேன். திங்கக்கெழம அடிக்கலாம்னு பாத்தா லைனே போகல. அப்புறம் விட்டுட்டேன்.”

“திட்டித்தான் எழுதினீங்களா?”

“அதான் இல்ல. திட்டணும்னுதான் பேனாவ எடுத்தேன். எழுதறப்ப வேற மாதிரி வந்துருச்சி.”

நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நீலப் பேனா. வயரத் தொடாதீங்க. பத்தொன்பது, பதினேழு. 212, 218. ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தேன். பிழை திருத்துவதுதான் என் தொழில், இரண்டு தாள்களை ஒப்பிட்டுப் படிப்பதில் என் கண் தப்பாது. ஒரு எழுத்து மாறவில்லை. கடைசி வரிக்கு வந்தேன்.

“பெரியவங்கன்னு எழுதியிருக்கிறீங்களே, யாரைச் சொன்னீங்க?”

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “அதுதான் எனக்கும் புரியல பாஸ். மிசினப் போயி பெரியவங்கன்னு எவனாச்சும் எழுதுவானா? அழிச்சிறலாம்னு பாத்தேன். கை வரல.”

தகடுகளில் என்ன இருந்தது என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். தன் அப்பாவின் தம்பிகள் இருவர் காப்பாரிலிருந்து போனவர்கள், திரும்பவில்லை என்று அவர் சொன்னார். நான் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். என் மன்னிப்புக் கடிதத்தை அவர் முதல் தடவையாக அங்கே, எனக்கு எதிரே உட்கார்ந்து படித்தார். “இத எப்ப எழுதுனீங்க? நான் பாக்கவே இல்லயே,” என்றார். ஆகவே வாயால் இன்னொரு முறை கேட்டேன். “விடுங்க லா,” என்று நோட்டால் என் கையில் தட்டினார். பிறகு தன் எழுத்தையே தாளில் படித்தார், மேலே போனார், கீழே வந்தார், ஓர் இடத்தில் கறுத்த நகத்தை வைத்தார்.

“பாஸ். ரெண்டு கடிதம்னு போட்டிருக்கு. ஒன்னு நான். இன்னொன்னு யாரு?”

எனக்குத் தெரியாது. என் தாளில், அவர் கடிதத்துக்கு அடியில் கடைசி வரியாக இருப்பது இதுதான்: படிக்காத கடிதம் ஒன்று. அனுப்பியவர் பெயர் திறந்தால்தான் தெரியும். நான் மோடத்தை அணைத்துவிட்டேன்.

அங்கிள் புது மோடம் வாங்கிப் போர்டை மறுபடி தொடங்கியபோது முதல் ஆளாக உள்ளே போனவன் நான். எனக்குக் கடிதம் எதுவும் இல்லை. அக்காவின் புத்தகம் மறு வருடம் வந்தது, கேரித் தீவு மனிதர் சொன்னதை வெட்டாமல் போட்டோம். ஏகாம்பரமும் நானும் பாஸ்கலா சியா என்று இன்னும் நாலு வருடம் சண்டை போட்டோம், அங்கிள் போர்டை மூடும்வரை.

மணி தெரியும், பார்த்தவன் நான், இரண்டாவது சாட்சி கிள்ளானில் நோட்டோடு இருக்கிறார். மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்கிறது, ஆனாலும் இதே செய்தியை வேறு யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். தாளை மட்டும் வைத்திருக்கிறேன். மையெல்லாம் வெளுத்து, ஸ்பானரின் வரிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. அந்தக் கடைசி வரி மட்டும் அன்று அச்சான மாதிரியே கறுப்பாக இருக்கிறது. அன்றைக்கு யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இருக்கிறேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.